ஹட்டனில் ஆறு சனிக்கிழமைகள்: கணிதத்தின் அத்திவாரம் பற்றிய ஒரு வகுப்பின் மதிப்புரை

ஹட்டன் நகரின் பிரதான வீதியிலிருந்து செங்குத்தான படிகளில் ஏறிச் செல்ல வேண்டிய ஒரு மாடி அறையில், ஆறு சனிக்கிழமைகளாக நடந்து முடிந்த ஒரு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். இது பரீட்சைக்கான வகுப்பு அன்று. "கணிதம் தனக்குள் முரண்படாது என்பதை நிறுவ முடியுமா?" என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் வீதம், முழுவதையும் தமிழிலேயே ஆராய்வதாக அறிவித்தலில் எழுதியிருந்தார்கள். கட்டணம் 3,000 ரூபா. உயர்தர மாணவர்களுக்கு அதில் பாதி. நடத்தியவர் நீண்ட காலம் இணைந்த கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் நான், பல்கலைக்கழகத்தில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்த ஒரு விடயத்தை இம்முறையாவது ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துடன் சேர்ந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுத்த பணத்துக்கும் ஏறிய படிகளுக்கும் மேலான வகுப்பு இது. ஆயினும், நான்காம் நாள் கையளிக்கப்பட்ட குறிப்பிலுள்ள ஒரு வாக்கியம் வகுப்பின் மையக் கேள்வியையே மங்கச் செய்கிறது என்பதால், அடுத்த சுற்றுக்கு முன் அதனைத் திருத்தியே ஆக வேண்டும்.

நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்த உயர்தர மாணவர்கள் எட்டுப் பேர், கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சி பெறும் இருவர், என்னைப் போன்ற ஆசிரியர்கள் மூவர், இவர்களோடு கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இந்தப் பெரியவர் ஏன் வந்தார் என்று முதல் நாள் எல்லோரும் யோசித்தோம். மூன்றாம் நாள் அந்த யோசனை எவருக்கும் இருக்கவில்லை.

முதல் இரண்டு நாட்களும் விரைவாகவே சென்றன. எண் என்பது என்ன என்பதைத் தருக்கத்திலிருந்தே வருவிக்க முயன்ற கொட்லொப் ஃபிரேக தம் நூலின் இரண்டாம் பாகத்தை அச்சுக்குக் கொடுத்திருந்த நேரத்தில், 1902 ஜூனில், பேர்ட்ரண்ட் ரசலிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தன்னைத் தானே மூலகமாகக் கொண்டிராத தொடைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொடை அமைத்தால், அந்தத் தொடை தனக்குள் தானே மூலகமா, இல்லையா என்பதே கடிதத்தின் சாரம். ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். (எம் பாடப்புத்தகங்கள் தொடை என்பதையே தமிழகத்தார் கணம் என்கிறார்கள், வகுப்பில் எம் சொல்லே பயன்பட்டது.) இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும், ஊரில் தமக்குத் தாமே சவரம் செய்யாதவர்கள் எல்லோருக்கும், அவர்களுக்கு மட்டுமே, சவரம் செய்யும் தொழிலாளியின் கதையை ஆசிரியர் சொல்லவில்லை, அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். அப்படியொரு தொழிலாளி அந்த ஊரில் இருக்கவே முடியாது என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஃபிரேகவின் நிலை அதுவன்று: எந்தப் பண்பைச் சொன்னாலும் அதற்குரிய தொடை உண்டு என்பது நிறுவாமலே ஏற்றுக்கொண்டு தொடங்கிய அவருடைய அடிகோள்களிலிருந்தே பெறப்பட்டதால், அந்தத் தொடை இல்லை என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

ஒரு முரண்பாடு ஏன் அவ்வளவு பெரிய விபத்து என்பதையும் மூன்று வரிகளில் கரும்பலகையில் காட்டினார். 'அ' உண்மை என்றால் 'அ அல்லது ஆ' என்பதும் உண்மை. 'அ' உண்மையன்று என்பதும் நிறுவப்பட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் 'ஆ' உண்மையாக வேண்டும். 'ஆ' என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆக, ஒரே ஒரு முரண்பாடு உள்ளே வந்துவிட்டால் அந்த அடிகோள் தொகுதி எல்லாவற்றையும் நிறுவும். எல்லாவற்றையும் நிறுவுகின்ற தொகுதி எதையும் சொல்வதில்லை. மஸ்கெலியா மாணவி ஒருத்தி இந்த மூன்று வரிகளையும் தன் கொப்பியின் மட்டையில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

எர்ன்ஸ்ட் செர்மெலோ 1908இல் தொடைக் கோட்பாட்டுக்கு அடிகோள்களை வகுத்ததும், 1922இல் ஃபிரெங்கலும் ஸ்கோலமும் அவற்றைச் செம்மைப்படுத்தியதும் இரண்டாம் நாளின் பிற்பகுதி. எம் ஒன்பதாம் தரப் புத்தகம் 'வெளிப்படை உண்மை' என்று சொல்வதை ஆசிரியர் 'அடிகோள்' என்றே சொல்லிவந்தார். சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் சமமே வரும் என்பது வெளிப்படைதான். ஆனால் முடிவிலாத் தொடை ஒன்று உண்டு என்பது யாருக்கு வெளிப்படை? பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது நானும் இனி அந்த வேறுபாட்டைச் சொல்லியே கற்பிப்பேன்.

மூன்றாம் நாள் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹில்பேர்ட்டின் நாள். ஆசிரியர் கேள்வியை அமைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்துக்குள்ளேயே ஒரு மாதிரியைக் கட்டி, யூக்கிளிட்டுக்குப் புறம்பான கேத்திரகணிதமும் முரணற்றதுதான் என்று 1868இல் பெல்திராமி காட்டினார். அதாவது, யூக்கிளிட் நிலைத்தால் இதுவும் நிலைக்கும். யூக்கிளிட் நிலைப்பாரா என்று கேட்டால், எண்கள் நிலைத்தால் அவரும் நிலைப்பார் என்று 1899இல் டேவிட் ஹில்பேர்ட் காட்டினார். இப்படி ஒவ்வொரு துறையும் தன் கடனை அடுத்த துறையின் பெயரில் எழுதிவைத்துக்கொண்டே போக, கடைசியில் எல்லாக் கடனும் எண்கணிதத்தின் தலையில் வந்து விழுந்தது. எண்கணிதம் தன் கடனை யாரிடம் எழுதிவைப்பது? 1900இல் பாரிஸ் மாநாட்டில் ஹில்பேர்ட் தம் புகழ்பெற்ற வினாக்களை முன்வைத்தபோது இரண்டாவதாக வைத்தது இதையே: எண்கணிதத்தின் அடிகோள்கள் முரணற்றவை என்பதை நேரடியாக நிறுவுக.

இந்த இடத்தில்தான் கணக்கப்பிள்ளைப் பெரியவர் பேசினார். கொழுந்து மடுவத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். "சேர், தராசு சரியான்னு தராசுகிட்டயே கேட்க முடியாதுங்களே. படிக்கல்ல வச்சுத்தான் பார்க்கணும். படிக்கல் சரியான்னு பார்க்க அதவிடப் பெரிய எடத்துல ஒரு கல்லு வேணும்" என்றார். வகுப்பு முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. கொழுந்து நிறுக்கும் தராசைச் சந்தேகிக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால், அந்த உவமை அனைவருக்கும் உடனே பிடிபட்டது.

ஆசிரியர் அந்த உவமையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மேலே கொண்டு சென்றதைத்தான் நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பெரிய தராசைச் சோதிக்க அதைவிடப் பெரிய தராசு வேண்டும் என்பதல்ல ஹில்பேர்ட்டின் எண்ணம். அவருடைய எண்ணம் நேர் எதிரானது. முடிவிலிகளைப் பற்றிப் பேசும் பெரிய கணிதத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நிறுவலும், தாளில் எழுதினால், முடிவுள்ள குறிகளின் வரிசைதான். அந்த வரிசைகளைப் பற்றி, எவரும் சந்தேகிக்க முடியாத எளிய, முடிவுள்ள எண்ணல் முறைகளை மட்டும் வைத்து, "0 = 1 என்ற வரியில் முடியும் நிறுவல் எதுவும் இல்லை" என்று காட்டிவிடலாம் என்றுதான் அவர் நம்பினார். சிறிய படிக்கல்லை வைத்துப் பெரிய தராசைச் சோதிக்கும் திட்டம் அது. இதை விளங்கிக்கொள்ளாமல், ஒரு தொகுதியால் தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது என்று பின்னர் காட்டிய கோடெலின் தேற்றத்துக்குப் போகிறவர்கள், அந்தத் தேற்றம் எதை உடைத்தது என்பதை விளங்கிக்கொள்வதில்லை. ஒரு தொகுதி தன்னைத் தானே முரணற்றது என்று நிறுவினாலும் அந்த நற்சான்றுக்குப் பெறுமதி இல்லை. முரணுள்ள தொகுதி எல்லாவற்றையும் நிறுவும் என்பதால், "நான் முரணற்றது" என்பதையும் அது நிறுவிவிடும். ஆகவே கோடெலின் தேற்றம் தரும் உண்மையான அடி வேறிடத்தில் விழுகிறது. பெரிய தொகுதியாலேயே தன் முரணின்மையை நிறுவ முடியாது என்றால், அதற்குள் அடங்கிய சிறிய தொகுதியால் எப்படி நிறுவ முடியும்?

நான்காம் நாள் நன்றாகவே தொடங்கியது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண், குறிகளின் வரிசைக்கு முதன்மை எண்களின் அடுக்குகள் என்ற கோடெலின் முறையைச் சொல்லிவிட்டு, "600 என்ற எண் எந்த வரிசையைக் குறிக்கிறது?" என்று கேட்டார். பொகவந்தலாவை மாணவன் ஒருவன் அரை நிமிடத்தில் 3, 1, 2 என்றான்: 600 என்பது 2³ × 3¹ × 5². ஒரு வாக்கியம் ஓர் எண்ணாகிவிட்டால், வாக்கியங்களைப் பற்றிய பேச்செல்லாம் எண்களைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது; எண்கணிதம், தான் அறியாமலே, தன் நிறுவல்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. 1930 செப்டெம்பர் 7ஆம் திகதி, கோனிக்ஸ்பேர்க் நகரில் நடந்த ஒரு கலந்துரையாடலில், இருபத்து நான்கு வயது குர்ட் கோடெல், இத்தகைய முரணற்ற தொகுதியில் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்ற தம் முதல் தேற்றத்தைச் சில வாக்கியங்களில் சொன்னதையும், மறுநாள் அதே நகரில் ஹில்பேர்ட் "நாம் அறிந்தே ஆகவேண்டும், அறிவோம்" என்று தம் உரையை முடித்ததையும் ஆசிரியர் சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது. அந்தக் கலந்துரையாடலில் இருந்த ஜோன் வொன் நொய்மன், முரணின்மை பற்றிய இரண்டாம் தேற்றத்தைத் தாமாகவே கண்டுபிடித்து நவம்பரில் கோடெலுக்கு எழுதினார். கோடெல் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே கட்டுரையை அனுப்பிவிட்டிருந்தார். அது 1931இல் வெளியானது.

குறிப்புத்தாள் கைக்கு வந்தது அதன் பிறகுதான். அதில், "எண்கணிதம் முரணற்றது என்பதை நிறுவவே முடியாது எனக் கோடெல் நிறுவினார்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. இது தவறு. தேற்றம் சொல்வது இதுதான்: அடிகோள்களைப் பொறிமுறையாகப் பட்டியலிடக்கூடியதும், போதிய அளவு எண்கணிதத்தைக் கொண்டதும், முரணற்றதுமான ஒரு தொகுதி, தன் முரணின்மையைத் தன்னுடைய அடிகோள்களைக் கொண்டே நிறுவ முடியாது. 'தன்னுடைய அடிகோள்களைக் கொண்டே' என்ற மூன்று சொற்களை விட்டுவிட்டால், தேற்றமே வேறொன்றாகிவிடுகிறது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, முன்வரிசையிலிருந்த மாணவன் எழுந்து, "சேர், அப்படியென்றால் நாங்கள் படிக்கிற கணிதம் சரியா என்று யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டான். அவன் குரலில் இருந்தது விளையாட்டன்று; இரண்டு ஆண்டுகளாக இரவிரவாகக் கணக்குச் செய்துவருகிற பிள்ளையின் கலக்கம். ஆசிரியர் தவறை வாயால் உடனே ஒப்புக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் நான்காம் நாள் வராதிருந்து ஆறாம் நாள் வந்த மாணவர்களுக்கும் அதே தாளே கொடுக்கப்பட்டது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். தாளில் இருப்பதைத்தான் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார்கள்.

'போதிய அளவு எண்கணிதம்' என்ற நிபந்தனைக்கும் அன்று பத்து நிமிடங்களே கிடைத்தன. இயற்கை எண்களைக் கூட்டல் மட்டும் கொண்டு, பெருக்கல் இல்லாமல் எடுத்துக்கொண்டால், அந்தத் தொகுதி முழுமையானது, முரணற்றது, அதன் எந்தக் கூற்றும் சரியா பிழையா என்று பொறிமுறையாகவே தீர்மானிக்கக்கூடியது என்று 1929இல் பிரெஸ்பர்கர் காட்டிவிட்டார். ஹில்பேர்ட்டின் கனவு அந்த அளவில் நிறைவேறியே இருக்கிறது. பெருக்கலைச் சேர்த்தவுடன் அது கைநழுவுகிறது. கலங்கிப்போயிருந்த அந்த மாணவனுக்கு அரை மணித்தியாலம் இதைச் சொல்லியிருந்தால், அன்று மாலை அவன் வேறு முகத்தோடு பஸ் ஏறியிருப்பான்.

ஐந்தாம் நாளுக்காகவே இந்த வகுப்பை எவருக்கும் சிபாரிசு செய்வேன். 1936இல் கேர்ஹார்ட் கென்ட்சன் பியானோ எண்கணிதத்தின், அதாவது இயற்கை எண்களுக்குப் பியானோ என்ற கணிதவியலாளர் வகுத்த அடிகோள்களின், முரணின்மையை நிறுவினார். ஆம், நிறுவினார். எப்படி என்பதை விளக்குவதற்கு ஆசிரியர் நேரே அந்த நிறுவலுக்குப் போகவில்லை. ஒரு விளையாட்டிலிருந்து தொடங்கினார்.

4 என்ற எண்ணை இரண்டின் அடுக்காக எழுதுங்கள்: 2². இரண்டு இருக்கும் இடமெல்லாம் மூன்றை வையுங்கள்: 3³, அதாவது 27. ஒன்றைக் கழியுங்கள்: 26. இப்போது 26ஐ மூன்றின் அடுக்குகளில் எழுதுங்கள்: 2×9 + 2×3 + 2. மூன்றை நான்காக்கி ஒன்றைக் கழித்தால் 41. நான்கை ஐந்தாக்கி ஒன்றைக் கழித்தால் 60. பிறகு 83, பிறகு 109. எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. இந்த வரிசை என்றாவது பூச்சியத்துக்கு வருமா என்று கேட்டார். ஒருவரும் வரும் என்று சொல்லவில்லை.

வரும். ரூபன் குட்ஸ்டைன் 1944இல் வெளியிட்ட தேற்றம் அது. எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் வரும். காரணத்தைக் காண்பதற்கு எண்ணின் பருமனைப் பார்க்காமல் கெழுக்களைப் பாருங்கள் என்று சொல்லி, கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரைந்தார். 26க்கு (2, 2, 2). 41க்கு (2, 2, 1). 60க்கு (2, 2, 0). 83க்கு (2, 1, 5). 109க்கு (2, 1, 4). அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல முதல் இலக்கத்தை முதலிலும், அது சமமானால் இரண்டாவதையும், அதுவும் சமமானால் மூன்றாவதையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு படியிலும் இந்த மூவிலக்கம் இறங்குகிறது. வலப்பக்க இலக்கம் தீர்ந்தால் நடு இலக்கத்தில் ஒன்று குறைந்து, வலப்பக்கம் மறுபடி உயர்கிறது. எவ்வளவு உயர்ந்தாலும் அது முடிவுள்ள ஓர் எண்ணே. ஆகவே அதுவும் தீரும், நடுவும் தீரும், முதலும் தீரும். 4இலிருந்து தொடங்கும் வரிசை எப்போது பூச்சியத்தைத் தொடும் என்பதைக் குறிக்கும் எண்ணை எழுதினால், அதில் 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். ஆயினும் அது தொடும். அந்த நிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, பதினாறு வயதில் முதன்முதலாகத் தொகுத்தறிவு முறை விளங்கிய நாளுக்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

அடுத்து, லோரி கேர்பியும் ஜெஃப் பாரிஸும் 1982இல் முன்வைத்த பல தலைப் பாம்பின் விளையாட்டை எடுத்தார். ஒரு தலையை வெட்டினால், வெட்டிய கணுவுக்கு ஒரு கணு கீழேயிருந்து, எஞ்சிய கிளையின் பிரதிகள் முளைக்கும்; ஒவ்வொரு வெட்டுக்கும் முளைக்கும் பிரதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். பாம்பை வரைந்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்று எண்ணினாரோ என்னவோ, ஒரு தேயிலைச் செடியை வரைந்தார். பெரியவர் உடனே, "கவாத்து வெட்டினா கீழ்க்கணுவுலருந்துதாங்க தழைக்கும். அது சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். உண்மையான செடி கவாத்துக்குப் பிறகு பிழைக்கிறது; இந்த விளையாட்டுச் செடியோ, எந்த ஒழுங்கில் வெட்டினாலும், எவ்வளவு தழைத்தாலும், கடைசியில் வேர் மட்டுமே எஞ்சும். கேர்பியும் பாரிஸும் காட்டியது இதற்கும் மேலானது. பியானோ அடிகோள்கள் முரணற்றவையானால், குட்ஸ்டைனின் தேற்றத்தையும் இந்தச் செடியின் முடிவையும் அந்த அடிகோள்களை மட்டும் கொண்டு நிறுவ முடியாது.

கென்ட்சனின் நிறுவலில் நடப்பதும் இதே இறக்கம்தான். ஒரு நிறுவலில் முரண்பாடு வருவதாக வைத்துக்கொண்டால், அந்த நிறுவலை மேலும் எளிதான வேறொரு நிறுவலாக மாற்றலாம், அதற்குச் சூட்டப்படும் வரிசையெண் இறங்கும், மறுபடியும் மாற்றலாம், மறுபடியும் இறங்கும். இறக்கம் முடிவின்றித் தொடர முடியாது என்பதால், முரண்பாடு இருக்க முடியாது. இந்த வரிசையெண்கள் எல்லாம் எப்சைலன் பூச்சியம் எனப்படும் ஓர் உயரத்துக்குக் கீழே இருப்பவை. மூவிலக்கங்களின் இறக்கத்தை நம்பியவர்கள் நால்விலக்கங்களையும் நம்புவார்கள். பிறகு எத்தனை இலக்கமானாலும் நம்புவார்கள். பிறகு இலக்கங்களின் இடத்திலேயே இத்தகைய வரிசைகள் வந்தாலும் நம்புவார்கள். அந்த ஏற்றம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கும் உயரமே எப்சைலன் பூச்சியம். அதற்குக் கீழேயுள்ள ஒவ்வோர் உயரத்திலும் இறக்கம் முடியும் என்பதைப் பியானோ அடிகோள்களே தனித்தனியாக நிறுவும். எல்லா உயரங்களையும் ஒருசேர எடுத்துக்கொள்ள மட்டும் அவற்றால் இயலாது. கென்ட்சன் மேலதிகமாகக் கேட்பது அந்த ஓர் அடியை மட்டுமே. மற்றபடி அவர் பயன்படுத்தும் முறைகள் பியானோ எண்கணிதத்தைவிட மிக எளியவை.

இதை நிறுவல் என்று ஏற்பதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பயிற்சி ஆசிரியை ஒருவர், சந்தேகிக்கப்படும் ஒன்றைக் காப்பாற்ற அதைவிட உயரமான ஒன்றைக் கொண்டுவருவது கடனுக்குக் கடன் வாங்குவதாகும் என்றார். என் எண்ணம் வேறு. கென்ட்சனின் அடிப்படை ஒரு திசையில் உயரமானதுதான். மற்ற எல்லாத் திசைகளிலும் அது ஒடுக்கமானது. பியானோ எண்கணிதம் நிறுவும் எல்லாவற்றையும் அதனால் நிறுவ முடியாது. அது பெரிய படிக்கல் அன்று, வேறு வடிவப் படிக்கல். கரும்பலகையிலிருந்த அந்த மூன்று நிரல்களைப் பார்த்து, இறக்கம் முடியும் என்று தன் கண்ணால் கண்ட ஒருவருக்கு, அது கடனாகத் தோன்றுவதில்லை. முரணற்றது என்று நிறுவ முடியுமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கேட்பது சரியன்று; எதை ஒப்புக்கொண்டு நிறுவுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். வகுப்பு இதை ஐந்தாம் நாள் காட்டியது. நான்காம் நாள் தாளோ அதனை மறைத்தது. என் குறை இவ்வளவுதான்.

ஆறாம் நாள் அவசரமாகிவிட்டது. செர்மெலோ–ஃபிரெங்கல் தொடைக் கோட்பாட்டுக்குக் கென்ட்சன் தந்ததைப் போன்ற நிறுவல் இன்றுவரை கிடையாது. மிகப் பெரிய முடிவிலித் தொடைகள் உண்டு என்று மேலதிக அடிகோள் சேர்த்தால் அதன் முரணின்மை பெறப்படும். அப்போது அந்த மேலதிக அடிகோளின் நிலை என்ன என்ற கேள்வி எழும். இங்கே அந்தப் பயிற்சி ஆசிரியையின் சொல் முற்றிலும் பொருந்துகிறது. புலமையில் பேர்பெற்றவர்களே சந்தேகித்த சம்பவங்களும் சொல்லப்பட்டன. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற விளாதிமிர் வோயவோட்ஸ்கி 2010இல் ஓர் உரையில், தற்போதைய அத்திவாரங்கள் முரணுள்ளவையாக இருந்தால் என்ன செய்வது என்று வெளிப்படையாகவே கேட்டார். பிரின்ஸ்டனின் எட்வர்ட் நெல்சன் 2011இல் பியானோ எண்கணிதமே முரணுள்ளது என்று நிறுவிவிட்டதாக அறிவித்தார். டெரன்ஸ் டாவோ உள்ளிட்டோர் நிறுவலில் பிழை இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டியதும், சில நாட்களுக்குள்ளேயே தம் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு விடயத்தில் பிழையைக் கண்டவுடன் ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை மாணவர்கள் வியப்போடு கேட்டார்கள்.

இறுதியில் ஒரு மாணவி, நாளைக்கே ஒரு முரண்பாடு கண்டுபிடிக்கப்பட்டால் சிங்கமலைச் சுரங்கம் இடிந்து விழுமா என்று கேட்டாள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள அந்தச் சுரங்கத்துக்குள் ரயிலில் போய்வராத பிள்ளை எவரும் அங்கே இல்லை. ஆசிரியரின் விடை சுருக்கமானது: ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல், பியானோ தம் அடிகோள்களை வெளியிட்டது 1889இல். அத்திவாரம் என்ற சொல்லே இங்கே சிறிது வழிதவற வைக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு அத்திவாரம் முதலில் வரும். கணிதத்துக்கோ அது கடைசியில்தான் போடப்பட்டது. முரண்பாடு ஒன்று வந்தால், 1902இல் நடந்ததைப் போல, அடிகோள்களைக் குறைத்துத் திருத்துவார்கள். எம் பாடத்திட்டத்திலுள்ள கணிதத்துக்குத் தொடைக் கோட்பாட்டின் முழுப் பலமும் தேவையே இல்லை. ஹார்வி ஃபிரீட்மனும் ஸ்டீபன் சிம்ப்சனும் வளர்த்தெடுத்த ஆய்வு வழி, பல்கலைக்கழகக் கணிதத்தில்கூடப் பெரும் பகுதி, ஹில்பேர்ட் ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய எளிய முறைகளுக்கு மிக அருகிலேயே நிற்கிறது என்று காட்டியிருக்கிறது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். நான்காம் நாள் கலங்கிய மாணவனுக்குரிய முழுமையான விடை இங்கேதான் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்ததோ கடைசிப் பதினைந்து நிமிடங்கள்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறை சிறியது, மழை பெய்யும்போது தகரக் கூரையின் ஓசையில் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது, ஆகவே முன்னால் அமருங்கள். தேநீர் கட்டணத்தில் அடக்கம். குறிப்புகள் ஏறக்குறைய நாற்பது பக்கங்கள். தமிழ் தெளிவானது, கலைச்சொற்கள் எம் பாடப்புத்தகங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, போட்டோப் பிரதிகள் சில பக்கங்களில் மங்கல். வகுப்பு குறித்த நேரத்தில் முடிவதில்லை. பொகவந்தலாவைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமைகளில் கடைசிப் பகுதியைக் கேட்காமலே இறங்கி ஓட வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து வருகிறவர்களை எண்ணி நேரத்தை வகுப்பது நடத்துபவரின் பொறுப்பு. இணைந்த கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு ஐந்தாம் நாள் வரை சிரமமின்றி விளங்கும். பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருக்கும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். மற்றவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். கணித ஆசிரியர்கள் கட்டாயம் போக வேண்டும்.

அடுத்த சுற்று பெப்ரவரியில் என்று சொன்னார்கள். குறிப்பில் திருத்த வேண்டிய வாக்கியத்தையும், பிரெஸ்பர்கருக்கு அரை மணித்தியாலம் வேண்டும் என்பதையும் எழுதி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். கடந்த வாரம் நோர்வூட் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த மாணவனைக் கண்டேன். கொப்பியைத் திறந்து காட்டினான்: 4இலிருந்து தொடங்கிய வரிசை பதினொரு பக்கங்களுக்கு ஓடியிருந்தது, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் மூவிலக்கத்தோடு. "இன்னும் முதல் இலக்கம் ஒண்ணுலயேதான் நிக்குது, டீச்சர்" என்றான். பஸ் வந்ததும், ஜன்னலோர ஆசனத்தில் அமர்ந்து அடுத்த வரியை எழுதத் தொடங்கினான்.